வவுனியாவில் நாலு மணி

செல்வரத்தினத்துக்கு இரண்டு கையிலும் மணிக்கூடு. இடக்கையில் லண்டன் நேரம், வலக்கையில் ஊர் நேரம். லண்டனில் டூட்டிங் பக்கம் அவரைத் தெரிந்த சனம் முகத்துக்கு நேரே சிரிக்காது. முதுகுக்குப் பின்னால் 'இரட்டை மணிக்கூடு' என்றுதான் சொல்லும். மனிதருக்கு அதுவும் தெரியும். தெரிந்தும் கழற்றவில்லை. ஊரில் பதினாறு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். சண்டையில் ரயில் நின்று, ஸ்டேஷன் இடிந்து, தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் பங்கர் மூடப் போன பிறகு அவரிடம் மிஞ்சியது நேரம் ஒன்றுதான். டூட்டிங்கில் ஒரு பெற்றோல் நிலையத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றபடி அதைப் பத்திரமாகக் காத்து வந்தார்.

ஆகவே, வன்னியில் இடம்பெயர்ந்து கிடக்கிற பிள்ளைகளுக்கு மலேரியாக் குளிசை மருந்தும் பால்மாவும் சேர்ப்பதற்காக கிளாஸ்கோவிலிருந்து லண்டன் வரை கோலைக் கைமாற்றி அஞ்சலோட்டம் ஓடுவதென்று தமிழர் சங்கம் முடிவெடுத்தபோது, நேரத்தை யார் பார்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் திரும்பி அவரைத்தான் பார்த்தார்கள். கூடப் போகிற வானை ஓட்டுவதும் அவர், நேரம் பார்ப்பதும் அவர். ஓட்டக்காரர் ஆறு பேர், பன்னிரண்டு நாள். தொண்ணூற்றேழாம் ஆண்டு தைப்பொங்கலன்று பின்னேரம் மூன்று மணிக்கு டூட்டிங் மண்டபத்தில் கோல் வந்து சேர வேண்டும்.

"எங்கட ஆக்களின்ர கூட்டம் ஆறு மணியெண்டு போட்டா எட்டு மணிக்குத்தான் விளக்குக் கொளுத்துவினம்," என்றார் சங்கச் செயலாளர் குலசேகரம். "இந்த முறையாவது மானத்தைக் காப்பாத்துங்கோ அண்ணை."

"என்ர கையில விட்டிட்டியள்தானே. ஒரு நிமிசம் பிந்தாது," என்றார் செல்வரத்தினம். சொன்னபடி எட்டுப் பக்கத்தில் ஒரு நேரசூசியும் எழுதினார். எந்தச் சந்தியில் யார் கோலை வாங்குவது, எந்த ஊர் மண்டபத்தில் எத்தனை மணிக்குச் சோறு என்று எல்லாம் அதில் இருந்தது. பனியும் காய்ச்சலும் மட்டும் இருக்கவில்லை.

அந்த வருடத்துக் குளிர் பொல்லாத குளிர். கிளாஸ்கோவில் தொடங்கும்போதே காற்று முகத்தைச் சீவியது. கார்லைல் பக்கத்தில் ரோட்டோரம் தனியாக ஒரு பெண், தலையில் கம்பளித் தொப்பியோடு, இடியப்பப் பெட்டியைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு நின்றாள். பெயர் பவளக்கொடி, மலேசியாக்காரி, அங்கே ஆஸ்பத்திரியில் நேர்ஸ். "நில்லுங்க, சூடா இருக்கு," என்று சொன்னவள் மேலே பேச முடியாமல் நின்றாள். தமிழில் வாய் திறந்து எட்டு மாதமாகிறதாம். அப்படித்தான் ஊருக்கு ஊர். ஓரிடத்தில் ஒரே ஒரு டொக்டர் குடும்பம், இன்னோரிடத்தில் ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை செய்கிற நாலு பெடியன்கள். எல்லோரும் மருந்துப் பெட்டி, பால்மா ரின், பழைய ஸ்வெற்றர் என்று கொண்டுவந்து வானில் ஏற்றினார்கள். எல்லோர் முகத்திலும் ஒரே கேள்வி. இது போய்ச் சேருமோ? ஒருவரும் கேட்கவில்லை. செல்வரத்தினத்தின் பொறுப்பு நேரம் மட்டுந்தான்.

பத்தாவது நாள் வருவதற்குள் ஆறு பேரில் நாலு பேர் கழன்றுவிட்டார்கள். இரண்டு பேருக்குக் காய்ச்சல், ஒருவனுக்குப் பனிக்கட்டியில் சறுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது, இன்னொருவனுக்கு ஷிப்ட். லீவு கேட்டால் வேலை போய்விடும். மிஞ்சியவர்கள் பெனடிக்ற், யோகராஜா இருவருந்தான். ஒருவன் ஓட மற்றவன் வானுக்குள் ஹீற்றருக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு கிடப்பான். அப்படியிருந்தும் நேரசூசி ஒரு நிமிடமும் பிசகவில்லை. அதில் செல்வரத்தினத்துக்கு எவ்வளவு பெருமை என்றால், அந்த இரண்டு பெடியன்களின் காலைப் பற்றி அவர் அதிகம் யோசிக்கவில்லை.

யோகராஜாவுக்கு இருபத்தொன்பது வயது. கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ஒரு அறையை மூன்று பேரோடு பங்கிட்டு இருந்தான். மேற்கு லண்டனில் ஒரு கடைக் குசினியில் சட்டி கழுவினான். மனைவி வத்சலா ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஊரை விட்டு வெளிக்கிட்டவன். பிள்ளை பிறந்து, தர்சிகா என்று பெயர் வைத்து, அதற்கு இந்தத் தையோடு நாலு வயது. அதன் படம் ஒன்று வந்திருந்தது. பிள்ளையின் குரலை அவன் இன்னும் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கும், வன்னிக்குள் மூன்று இடத்துக்கும் அவர்கள் மாறியதில் கடிதங்களும் எங்கெங்கோ போய்விட்டன. "ஓடேக்க ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை அண்ணை, அதுதான் வந்தனான்," என்று ஒருநாள் வானுக்குள் சொன்னான்.

பொங்கலுக்கு முதல் நாள் வாட்ஃபட்டில் ஒரு டொக்டர் வீட்டில் தங்கினார்கள். பின்னேரம் செல்வரத்தினத்தின் மனைவி கமலாம்பிகை டெலிபோன் எடுத்தாள்.

"யோகராஜாவுக்கு ஒரு செய்தி," என்றாள். "கொழும்பிலயிருந்து ஆரோ பிளேஸ்டோவுக்கு எடுத்துச் சொன்னவையாம். பிள்ளைக்கு மலேரியாக் காய்ச்சல், நல்லாக் கடுமையாம். வத்சலா போய்வரப் பாஸ் எடுத்துக்கொண்டு பிள்ளையோட வவுனியா ஆஸ்பத்திரிக்கு வந்து நிக்கிறா. முகாமிலதான் தங்கல். நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு டெலிபோன் பேசிற ஒரு கொமினிகேசன் கடையில வந்து நிப்பாவாம். இவரை அந்த நம்பருக்கு எடுக்கட்டாம். கனநேரம் நிக்க ஏலாது, அஞ்சு மணிக்கு முகாம் கேற்றைப் பூட்டிப்போடுவினம். நாளையண்டைக்கு விடியப் பாஸ் முடியுது, திரும்பி வன்னிக்குள்ள போயிடுவா."

செல்வரத்தினம் நம்பரை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார். யோகராஜாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டே சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டான். காய்ச்சல் என்றதில் பயம், குரல் கேட்கலாம் என்றதில் சந்தோசம். முகம் எதற்கு இடம் கொடுப்பதென்று தெரியாமல் தவித்தது.

"நாலு மணியெண்டா இஞ்ச எத்தினை மணி அண்ணை?" என்று கேட்டான்.

உலகத்தில் செல்வரத்தினத்திடம் கேட்கக்கூடிய ஆகச் சுலபமான கேள்வி அது. "பத்தரை," என்றார், மணிக்கூட்டைப் பார்க்காமலே.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முதல் வருடம் கொழும்பு அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. பிறகு சனம் புறுபுறுக்க அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தது. அரசாங்கத்தின் கைக்குள் இல்லாத வன்னியில் ஒருவரும் மணிக்கூட்டைத் தொடவே இல்லை. ஆகவே ஒரே தீவில் இரண்டு நேரம். வவுனியாவில் நாலு மணியாகும்போது வன்னியில் மூன்றரை. செல்வரத்தினத்தின் வலக்கை மணிக்கூடும் வன்னியைப் போலவே அசையாமல் நின்றது. "நேரத்தை மாத்த இவை ஆர்?" என்பது அவருடைய கட்சி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

யோகராஜா விரலை மடித்து எண்ணிப் பார்த்தான். "வவுனியாவில புது நேரமெல்லோ அண்ணை? அப்ப பத்து மணியெல்லே வரும்?"

"இஞ்ச பார் தம்பி. வத்சலா எங்கயிருந்து வந்தவ? வன்னியிலயிருந்து. அவவுக்குத் தெரிஞ்ச நேரம் எது? பழைய நேரம். வன்னிச் சனம் நாலு மணியெண்டா அது பழைய நாலு மணிதான்."

"முகாம் கேற் பூட்டுறது ஆமியின்ர நேரம்தானே…"

"அது அவையின்ர அஞ்சு. இது இவவின்ர நாலு. புது நேரத்தில நாலரைக்கு வந்து பேசிப்போட்டு அஞ்சுக்கு முதல் போயிடுவா. கணக்குச் சரியா வருதோ இல்லையோ?"

கணக்கு வந்தது. அதுதான் கேடு. யோகராஜா மறுபடியும் விரலை மடித்துப் பார்த்துவிட்டு, "எதுக்கும் பத்து மணிக்கும் ஒருக்கா எடுத்துப் பாப்பமோ அண்ணை?" என்றான்.

செல்வரத்தினம் நேரசூசியை விரித்தார். நாளைக்குக் காலை நோர்த்வூட்டில் ஒன்பது இருபதுக்கு யோகராஜா கோலை வாங்க வேண்டும். பத்து இருபதுக்கு ரெய்னர்ஸ் லேன். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது பேர் குளிரில் வரிசையாக நிற்கும், கவுன்சிலில் இருந்தும் பெரிய ஆட்கள் வருகிறார்கள். முதல் ஓட்டம் பெனடிக்ற்றினுடையது. அதோடு சேர்த்து அடுத்ததையும் ஓட அவனால் ஏலாது. "பத்து மணிக்கு நீ பின்னர் எண்ட ஊர் ரோட்டில நிப்பாய். லைன் கிடைக்கிறதுக்கே கால் மணித்தியாலம் வேணும். பிறகு நாங்கள் முக்கால் மணித்தியாலம் பிந்திப் போய் நிண்டா கவுன்சில்காரன் என்ன சொல்லுவான்? தமிழனுக்கு நேரம் தெரியாது எண்டுதானே? ரெய்னர்ஸ் லேனில எங்கட ஆக்களின்ர கடையில டெலிபோன் ஒழுங்கு பண்ணிப்போட்டன். பத்தரைக்கு நீ ஆறுதலா இருந்து பேசலாம்."

யோகராஜா தலையை ஆட்டினான். "நீங்கள் சொன்னாச் சரியா இருக்கும் அண்ணை."

பொங்கலன்று விடிய வானம் சாம்பல் நிறத்தில் இறங்கிக் கிடந்தது. பெனடிக்ற் நொண்டி நொண்டி வந்து நோர்த்வூட்டில் கோலைக் கொடுத்தபோது ஒன்பது பத்தொன்பது. யோகராஜா கோலை வாங்கிக்கொண்டு ஓடினான். வான் பின்னால் ஊர்ந்தது. நடைபாதையில் உறைந்த பனி, அதற்கு மேல் உப்பும் சேறும். இரண்டு முறை சறுக்கி விழப் பார்த்துச் சமாளித்தான்.

பின்னர் என்ற அந்த ஊரில் சந்திக்குக் கிட்ட ஒரு சிவப்பு டெலிபோன் பெட்டி இருந்தது. செல்வரத்தினத்தின் இடக்கையில் சரியாகப் பத்து மணி. யோகராஜா ஓட்டத்தைக் குறைத்தான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வானைத் திரும்பிப் பார்த்தான். கோல் பிடித்த கையை உயர்த்தி, மற்றக் கையால் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினான்.

செல்வரத்தினம் கண்ணாடியை இறக்கினார். அந்த நேரத்தில் அவருக்கு உள்ளுக்குள் ஏதோ இடறியது உண்மை. கடைக்காரன் வவுனியாக்காரன், கொழும்பிலிருந்து செய்தி சொன்னவனும் புது நேரக்காரன், யாருடைய வாயில் எந்த நாலு மணி வந்ததோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை அவர் இருக்க விடவில்லை. கையை வெளியே நீட்டி, போ போ என்று வீசினார். "பத்தரை, தம்பி. ஓடு," என்றார்.

அவன் ஓடினான்.

ரெய்னர்ஸ் லேனில் பத்து பத்தொன்பது. பிள்ளைகள் கொடி ஆட்டின. கவுன்சில்காரர் குளிருக்குக் கையைத் தேய்த்தபடி, இவ்வளவு சரியான நேரத்துக்கு வந்துவிட்டீர்களே என்று ஆங்கிலத்தில் புகழ்ந்தார். செல்வரத்தினத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்வை நினைத்துப் பிறகு அவர் எத்தனையோ நாள் வெட்கப்பட்டார்.

யோகராஜா படமெடுக்க நிற்கவில்லை. கடைக்குள் நுழைந்து, மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்ரூலில் இருந்து, பத்து இருபத்தைந்துக்கே நம்பரைச் சுழற்றத் தொடங்கினான். லைன் பிஸி. திரும்பவும் பிஸி. ஏழாவது முறை மணி போனது. செல்வரத்தினம் பக்கத்தில் நின்றார். றிசீவரை அவன் காதோடு அழுத்தவில்லை. விரல் மரத்துப் போயிருந்தது. அதனால் அங்கிருந்து வந்த குரல் அவருக்கும் கேட்டது.

"ஆர், லண்டனோ? யோகராஜாவோ?" என்றது கடைக்காரனின் குரல். "ஐயோ தம்பி, இப்பதான் போறா. பத்து நிமிசமாகுது. மூண்டரைக்கே வந்து குந்தியிருந்தவ. நாலு மணியெண்டுதானே சொன்னது? முகாமுக்குப் போற கடைசி வாகனம், விட்டா கேற் பூட்டிப்போடும். அழுதுகொண்டு போறா."

"பிள்ளை… பிள்ளை வந்ததோ?" என்று கேட்டான் யோகராஜா.

"வந்தது. தோளில போட்டுக்கொண்டு வந்தவ. அப்பா பேசுவார் எண்டு சொல்லி வைச்சிருக்கிறா போல. நாலு மணியானவுடன எழும்பி வந்து றிசீவரைத் தா எண்டு நிண்டுது. நான் குடுத்தன். அதைக் காதில வைச்சுக்கொண்டு அப்பா, அப்பா எண்டு சொல்லிக்கொண்டிருந்தது. நல்ல காய்ச்சல் தம்பி, கை நெருப்பாக் கொதிச்சது. பிறகு நான் வாங்கி வைச்சிட்டன், நீங்கள் எடுத்தா லைன் கிடைக்காதெண்டு."

"ஆரையாவது பின்னால அனுப்ப ஏலுமோ அண்ணை?"

"வாகனம் வெளிக்கிட்டிட்டுது தம்பி. நாளைக்கு விடிய அவையைத் திருப்பி ஏத்திவிடுவினம்."

யோகராஜா றிசீவரை வைத்தான். மெதுவாக, பக்குவமாக வைத்தான். செல்வரத்தினத்தை ஏறிட்டுப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவன் வெளியே வந்து, பெனடிக்ற்றின் கையிலிருந்து கோலை வாங்கினான். அடுத்த ஓட்டம் பெனடிக்ற்றினுடையது. அவன் வாய் திறக்கும் முன்பே யோகராஜா ஓடத் தொடங்கிவிட்டான்.

அங்கிருந்து டூட்டிங் பதினாறு மைல். ஈலிங்கில் கோலை மாற்ற வேண்டும், மாற்றவில்லை. ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது பெனடிக்ற் வானிலிருந்து குதித்து, பக்கத்தில் ஓடி, "காணும் மச்சான், தா," என்று கெஞ்சினான். அவன் திரும்பியே பார்க்கவில்லை. செல்வரத்தினம் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தார். துடைப்பான் ஓடியும் கண்ணாடி மங்கலாகவே இருந்தது. அழுகிறோம் என்று மனிதருக்குத் தெரிய கொஞ்ச நேரம் பிடித்தது.

மண்டபத்துக்குள் யோகராஜா நுழைந்தபோது மூன்று மணிக்கு இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. சனம் எழுந்து நின்று கைதட்டியது. மேசையில் பொங்கல் பானை, கரும்பு, விளக்கு. குலசேகரம் மைக்கைப் பிடித்து, "செல்வரத்தினம் அண்ணையின்ர நேரமெண்டா நேரம்தான்," என்று சொல்லி அவரை மேடைக்குக் கூப்பிட்டார். அவர் போகவில்லை. யோகராஜா கோலை மேசையில் வைத்துவிட்டு, ஒருவாய் தண்ணீரும் குடிக்காமல், சனத்தைப் பிளந்துகொண்டு ரியூப் ரயில் ஸ்டேஷனை நோக்கி நடந்தான். சப்பாத்துக்குள்ளிருந்து இரத்தம் கசிந்திருந்தது.

அன்று வீட்டில் கமலாம்பிகை எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்து, "இஞ்சாருங்கோ, அவனை ஓட விட்டிட்டு நீங்கள் வானை நிப்பாட்டி ஒருக்கா எடுத்துப் பாத்திருக்கலாமே," என்றாள். "பத்து மணிக்கு. நீங்கள் ஓடேல்லையே. இப்ப வந்திடுவான், நில்லு பிள்ளையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அவள் நிண்டிருப்பாள்."

அது அவருக்குத் தோன்றவே இல்லை. வானில் இருந்தவருக்குக் கை இருந்தது, நம்பர் இருந்தது, டெலிபோன் பெட்டி ஐந்தடி தூரத்தில் இருந்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுபோல அடுத்த மூன்று நாளும் அந்த வவுனியா நம்பருக்கு விடியவும் பின்னேரமும் எடுத்துக்கொண்டே இருந்தார். கடைக்காரன் அலுத்துப் போய், "ஐயா, அவை போயிட்டினம்," என்று வைத்துவிட்டான். மருந்துப் பெட்டிகள் மண்டபத்துப் பின்னறையில் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. அனுப்ப அனுமதி வரவில்லை.

பெப்ரவரி இரண்டாம் கிழமை, பிள்ளை தவறிவிட்டதென்று யோகராஜாவுக்குக் கடிதம் வந்தது. வன்னிக்குள் திரும்பிப் போய்ப் பதினேழாம் நாள். காய்ச்சல் திரும்பவும் வந்ததாம், குளிசை முடிந்துபோனதாம்.

ஞாயிறு மத்தியானம் செல்வரத்தினமும் கமலாம்பிகையும் பிளேஸ்டோவுக்குப் போனார்கள். ரயிலில் அவர் கையை மடியில் மறைத்துக்கொண்டிருந்தார். அறையில் கட்டில்களைச் சுவரோடு சாய்த்துவிட்டு நிலத்தில் பெட்சீற் விரித்திருந்தார்கள். ஏழெட்டுப் பேர் அதில் இருந்தார்கள். பிரேதம் இல்லாத செத்தவீட்டில் எந்தப் பக்கம் பார்த்து அழுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கதிரையில் வைத்த அந்தப் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தது. கமலாம்பிகை அதன் முன்னால் விழுந்து அழுதாள்.

செல்வரத்தினம் யோகராஜாவுக்குப் பக்கத்தில் குந்தினார். வழியெல்லாம் சேர்த்து வைத்த சொற்களில் ஒன்றும் வரவில்லை. "என்னை மன்னிச்சுக்கொள் தம்பி," என்று மட்டும் சொன்னார். அவனுக்குக் கேட்டதோ தெரியாது.

யோகராஜா மடித்த கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினான். வத்சலாவின் எழுத்து. ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினான்.

"பிள்ளை போனது விடிய அஞ்சு மணிக்கெண்டு எழுதியிருக்கிறாள் அண்ணை. பெப்ரவரி முதலாந்தேதி. அப்ப நான் என்ன செய்துகொண்டிருந்தனான் எண்டு யோசிச்சுப் பாக்கிறன்." குரல் அமைதியாக இருந்தது. கணக்குக் கேட்கிற பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல அவர் முகத்தையே பார்த்தான். "புது நேரமெண்டா இஞ்ச முதல்நாள் இரவு பதினொண்டு. அப்ப கடையில சட்டி கழுவிக்கொண்டு நிண்டனான். எல்லாரும் ஏதோ பகிடி சொல்ல நானும் சிரிச்சனான், நல்லா நினைவிருக்கு. பழைய நேரமெண்டாப் பதினொண்டரை. அப்ப ரியூபில இருந்தனான், பிள்ளையின்ர படத்தைக் கையில வைச்சுக்கொண்டு. அஞ்சு நாள் திரும்பத் திரும்ப எண்ணிப் பாத்தன், விளங்கேல்லை. எது அண்ணை? பழைய நேரமோ, புது நேரமோ?"

அறை முழுவதும் அவரைப் பார்த்தது. வன்னியில் இருந்துதான் எழுதியிருக்கிறாள், ஆகவே பழைய நேரம் என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது. அதே கணக்கு. அன்றைக்கு வாட்ஃபட்டில் சொன்ன அதே கணக்கு. வலக்கை மணிக்கூடு சட்டைக் கைக்குள் ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்டது.

"எனக்குத் தெரியாது, தம்பி," என்றார் செல்வரத்தினம்.

யோகராஜா கடிதத்தைத் திரும்ப வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தான். "உங்களுக்குத் தெரியுமெண்டுதான் அண்ணை நான் நினைச்சனான்," என்றான்.